காலை பத்து மணிக்கு மட்டும் சக்கரம் ஏன் சுற்றுகிறது?

"நல்ல வேகமான பைபர் கனெக்ஷன்தான் வாங்கியிருக்கிறேன். யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையிலும், தட்கல் டிக்கெட் திறக்கிற நேரத்திலும் மட்டும் பக்கம் திறக்காமல் சக்கரம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ராம் கூட்ட வேண்டுமா?"

ராமநாதபுரத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைக்காரரிடம் கேட்டால் ராம் கூட்டத்தான் சொல்வார். பணம் கொடுக்கும் முன், வயரின் அந்தப் பக்கம் இருக்கும் சர்வரில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

உங்கள் பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே ஓர் இணைப்பு ஏற்படுகிறது. அந்த இணைப்பின் இரு முனைகளுக்கும் சாக்கெட் என்று பெயர். சுவரில் பிளக் செருகும் சாக்கெட்டுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், உறவு கிடையாது. வெப் சர்வர்களில் பெரும்பாலானவை யூனிக்ஸ் அல்லது அதன் வழியில் வந்த லினக்ஸில் இயங்குகின்றன. யூனிக்ஸில் எதுவும் பைல் மாதிரிதான். திறந்திருக்கும் பைலுக்கு எப்படி ஓர் எண் தரப்படுகிறதோ, அதேபோல் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் ஓர் எண் தரப்படும். இதனை பைல் டிஸ்கிரிப்டர் என்பார்கள். ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் இத்தனை எண்கள்தான் வைத்துக் கொள்ளலாம் என்று உச்சவரம்பு உண்டு.

ராமேஸ்வரம் கோவிலுக்குள் 22 தீர்த்தங்களில் குளித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மேலே நின்று இறைத்து ஊற்றுபவர்கள் சிலர்தான், அவர்கள் கையில் இருக்கும் வாளிகளும் சிலதான். ஆடி அமாவாசை அன்று நீங்கள் மதுரையிலிருந்து எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாலும், வாளி உங்கள் பக்கம் திரும்பும் வரை ஈரத் துணியோடு நிற்கத்தான் வேண்டும். உங்கள் பிராட்பேண்ட் வேகம் என்பது மதுரைச் சாலை. பைல் டிஸ்கிரிப்டர் என்பது வாளி.

என் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் யுலிமிட் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். 1024 என்று வந்தது. பல லினக்ஸ் பதிப்புகளில் தொடக்க அளவு இதுதான். ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்கிறீர்களா? ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக் கொள்கிறது. இணைப்புகளைத் திறந்து கொண்டே போய், மூட மறக்கும் ஒரு கோளாறான புரோகிராம் சர்வர் முழுவதையும் முடக்கிவிட முடியும். என்னைக் கேட்டால், வரம்பு இருப்பதுதான் நல்லது. பெரிய தளங்களை நடத்துபவர்கள் தேவைக்கேற்ப இதனை லட்சக்கணக்கில் உயர்த்திக் கொள்வார்கள்.

சர்வரை நடத்துபவர்களிலேயே சிலர் ஒன்றைத் தவறாகச் சொல்வதுண்டு. போர்ட் எண்கள் மொத்தம் 65,536 தானே, எனவே ஒரு சர்வரில் அத்தனை பேர்தான் இணைய முடியும் என்பார்கள். அப்படி இல்லை. வருபவர்கள் எல்லோரும் சர்வரின் ஒரே போர்ட்டுக்குத்தான் வருகிறார்கள். உங்கள் முகவரி, உங்கள் போர்ட், சர்வரின் முகவரி, சர்வரின் போர்ட் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் ஓர் இணைப்பு அடையாளம் காணப்படுகிறது. 1999-ல் ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிப்பது எப்படி என்று டான் கெகல் என்பவர் எழுதியது பெரிய விவாதமானது. 2012-ல் வாட்ஸ்அப் நிறுவனம் யூனிக்ஸ் வகையான ப்ரீபிஎஸ்டி ஓடும் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளை நிறுத்திக் காட்டியது.

இனி சக்கரம் சுற்றும் விஷயத்துக்கு வருவோம். வாளிக்கு முன்னால் வரிசை ஒன்று இருக்கிறது அல்லவா? சர்வரிலும் உண்டு. லினக்ஸில் இந்த வரிசையின் உச்ச நீளம் வெகுகாலம் 128 ஆகவே இருந்தது. 2019-ல்தான் 4096 ஆக உயர்த்தினார்கள். இதையும் சர்வரை நடத்துபவர் மாற்றலாம். வரிசை நிரம்பிவிட்டால் லினக்ஸ் பொதுவாக "இடமில்லை" என்று பதில் சொல்வதில்லை. உங்கள் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பதில் வராததால் உங்கள் கம்ப்யூட்டர் சிறிது நேரம் கழித்து மீண்டும் கதவைத் தட்டும். அப்புறம் அதைப்போல் இருமடங்கு நேரம் காத்திருந்து மறுபடி தட்டும். நீங்கள் பார்க்கும் சக்கரம் அந்தக் காத்திருப்புதான்.

வரம்பை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? 2002-ல் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2014-ல் புதிய அமைப்புக்கு மாறியபோது, ஒரே நேரத்தில் 40,000 பேர் என்றிருந்த கொள்ளளவு 1,20,000 ஆனது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. ஆனால் தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் லாகின் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களே இல்லை, தானியங்கி புரோகிராம்கள் என்று அதே ஆண்டு ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது. வாளியைப் பிடித்திருந்தவர்களில் பலர் குளிக்க வந்தவர்களே இல்லை! இதனால்தான் 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. வாளிகளை எத்தனை மடங்கு கூட்டினாலும், சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் சேது எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் கூட அதிகமாகாது என்பது தனிக் கதை. தீபாவளிக்கு ஊர் திரும்ப நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அதுதானே பெரிய கவலை.

நம் கையில் இருப்பது என்ன? ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்றால், சற்று முன்பே லாகின் செய்து காத்திருங்கள். சக்கரம் சுற்றும்போது எப்5 கீயை அழுத்தாதீர்கள். அழுத்தினால் கிடைத்திருந்த இணைப்பையும் விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறீர்கள். நீங்கள் கைவிட்ட பழைய கோரிக்கைக்காகச் சர்வர் வேலை செய்து கொண்டிருக்கவும் கூடும்.

கம்ப்யூட்டரிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, கமாண்ட் பிராம்ப்ட் சென்று, நெட்ஸ்டாட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அப்போதுள்ள இணைப்புகள் வரிசையாக வரும். கடைசிப் பத்தியில் எஸ்டாப்ளிஷ்ட் என்றிருந்தால் அந்த இணைப்பு கிடைத்துவிட்டது, உள்ளே வேலை நடக்கிறது, கை வைக்காதீர்கள். சின் சென்ட் என்று நின்று கொண்டிருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் கதவைத் தட்டிவிட்டது, பதில் வரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் மற்ற தளங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால், ராம் வாங்க வைத்திருந்த பணம் பையிலேயே இருக்கட்டும்.