இரண்டாவது திரை இருண்டு கிடக்கிறதா?



1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அவசரத்தில் காணி உறுதிகளைக்கூடப் பலரால் எடுத்து வர முடியவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் உறுதி ஒன்று தப்பியிருந்தால், அதன் எழுத்து முற்றாக மங்குமுன் படமெடுத்து, வாசகத்தைக் கணினியில் தட்டெழுதி வையுங்கள். தட்டெழுதிய பிரதி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் பிள்ளைகள் வாசித்து விளங்க உதவும்.

எல்லையிலோ பெயரிலோ ஓரெழுத்துப் பிழைத்தாலும் பொருள் மாறிவிடும். ஆகவே ஒரு திரையில் உறுதியின் படம், மறுதிரையில் நீங்கள் தட்டெழுதும் பக்கம் என வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. பழைய கணினியே போதும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது; பழைய கணினிகளிலும் ஓடும்.

ஆனால் இரண்டாவது திரை வேலை செய்யவில்லையே என்கிறீர்களா? உடனே கடைக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

1. திரையின் சிறு விளக்கு எரிகிறதா? எரிந்தால், திரையின் பொத்தானை அழுத்தி, நீங்கள் செருகிய விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ வழியைத் தெரிவு செய்யுங்கள்.

2. நன்றாக இயங்கும் திரையின் கேபிளை இதற்கு மாற்றிப் பாருங்கள். படம் வந்தால் குற்றம் பழைய கேபிளில் இருக்கலாம்.

3. பெட்டியின் பின்புறம் தனிக் கிராபிக்ஸ் கார்டு உண்டா? இரண்டு கேபிள்களையும் அதிலேயே செருகுங்கள். கார்டு இருக்கும்போது பல கணினிகளில் மற்றைய துவாரம் இயங்காது.

4. உபுண்டுவில் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘டிஸ்பிளேஸ்’ திறவுங்கள். ‘மிரர்’ என்றால் இரண்டிலும் ஒரே படம். உங்களுக்கு வேண்டியது ‘ஜாயின்’. அங்கே தெரியும் இரு கட்டங்களையும் மேசையில் திரைகள் இருக்கும் ஒழுங்கிலேயே இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் அம்பு எதிர்ப்பக்கம் போகும்.

5. எழுத்து மங்கலா? திரைக்குரிய அளவை, உதாரணமாக 1920×1080 என்பதை, தெரிவு செய்யுங்கள். அந்த அளவு பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

6. என்விடியா கார்டு என்றால் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியில் பொருத்தமான டிரைவரை நிறுவி, கணினியை மறுபடி இயக்குங்கள்.

பயம் வேண்டாம். திரை அமைப்பை மாற்றியதும் ‘இப்படியே வைக்கவா?’ என்று கணினி கேட்கும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் சில விநாடிகளில் பழையபடி ஆகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சரிவராவிட்டால் கடைக்குப் போங்கள். எதை எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கேபிளில் உள்ள கோளாறுக்குப் புதுத் திரை வாங்கும் வீண்செலவு உங்களுக்கு வராது. மிஞ்சிய பணத்தில் அந்த உறுதிக்கு நல்லதொரு உறை வாங்கலாமே!