முறையீடு செல்லும் வழி

அவிநாசிக்கு அருகிலுள்ள திருமுருகன்பூண்டியைச் சைவ உலகம் நன்கறியும். சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியைச் சிவகணங்கள் வேடர் வடிவில் வந்து கவர்ந்ததும், சுந்தரர் இறைவனிடமே முறையிட்டு அதனை மீளப் பெற்றதும் அவ்வூரில் நிகழ்ந்தனவாகப் பெரியபுராணம் கூறும். குறையுற்றவன் ஆற்றலுடையவன் முன்நின்று கேட்பது நம் நாட்டின் பழைய வழக்கு. அரசாங்கத்தின் மீதே குறை இருப்பின் எங்கே கேட்பது? அதற்கு இந்நாளில் உலக அரங்கில் ஒரு வழி உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் மனித உரிமைக் கவுன்சிலை நிறுவியது. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தம் மனித உரிமை நிலை குறித்து விடை கூற வேண்டும். இதற்குக் காலமுறை மீளாய்வு என்று பெயர். இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவா நகரில் இவ்வாறு விடை கூறியது.

பூண்டியைச் சூழ்ந்த இவ்வட்டாரம் பின்னலாடைக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்றது. மேற்கு மாவட்டங்களின் ஆலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்றொரு முறை இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்தால், முடிவில் திருமணத்திற்கு உதவும் ஒரு தொகை தரப்படும் என்பது வாக்குறுதி. இடையில் விலகியோர் பலர் அத்தொகையை இழந்தனர். விடுதியை விட்டு வெளியே செல்லவும் தடை இருந்தது. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011-இல் இதனை அறிக்கையாக வெளியிட்டன.

இத்தகைய குறையொன்று ஜெனீவாவை எவ்வாறு அடைகிறது? முதலில் தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஊதியம், வயது, வேலை நேரம் ஆகியவற்றைத் தொழிலாளரிடம் கேட்டுத் தொகுக்கின்றன. பின்னர் அதனை ஆங்கிலம் முதலிய மொழியொன்றில் எழுதி அனுப்ப வேண்டும். தனி அமைப்பாயின் 2,815 சொற்களுக்கு மிகாமல். பல அமைப்புகள் கூடினால் 5,630 சொற்களுக்கு மிகாமல். இவ்வாறு வருவன அனைத்தையும் ஐ.நா. அலுவலகம் ஒரே சுருக்கமாகத் தொகுக்கும். ஆயிரம் பேரின் துயரம் அதில் ஒரு வரியாக நிற்கலாம். ஆகவே அவ்வரி பிழையற்றதாக இருத்தல் வேண்டும்.

மீளாய்வு மன்றத்தில் பேசும் உரிமை அரசுகளுக்கே உண்டு, அமைப்புகளுக்கு இல்லை. எனவே அவை முன்கூட்டியே பிற நாட்டுத் தூதர்களைக் கண்டு, தம் கேள்விகளை அவர்கள் வாயிலாகக் கேட்பிக்கின்றன.

2012-ஆம் ஆண்டு மீளாய்வில் இந்தியாவுக்கு 169 பரிந்துரைகள் கூறப்பட்டன. இந்தியா 67-ஐ ஏற்றது. குழந்தைத் தொழில் குறித்த 138, 182 ஆகிய சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகளில் சேர வேண்டும் என்று சில நாடுகள் அவ்வாண்டு வற்புறுத்தின. 2017 ஜூன் மாதத்தில் இந்தியா அவ்விரண்டிலும் சேர்ந்தது. பரிந்துரை ஒன்றே இதனைச் செய்தது என்றல் பொருந்தாது. உள்நாட்டில் பல்லாண்டு நடந்த முயற்சியே இதற்கு அடிப்படை. எனினும் வெளியே எழுந்த கேள்வி அதற்குத் துணை நின்றது. சங்கம் சேரும் உரிமை பற்றிய 87-ஆம் உடன்படிக்கையும், கூட்டுப் பேரம் பற்றிய 98-ஆம் உடன்படிக்கையும் இன்னும் ஏற்கப்படவில்லை.

ஜெனீவா மன்றம் யாரையும் தண்டிப்பதில்லை; ஆலைக் கதவைத் திறக்கும் ஆணையும் அதனிடம் இல்லை. அங்கே அளித்த வாக்கு ஏட்டில் நிற்கிறது, நாலரை ஆண்டு கழித்து, "சொன்னதைச் செய்தீரா?" என்ற கேள்வி மீண்டும் எழுகிறது. அவ்விடைவெளியில் ஆலைக்கும் விடுதிக்கும் சென்று, நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்று கணக்கெடுப்போர் இல்லையேல், அக்கேள்விக்கு எந்த விடையும் சரியான விடையாகிவிடும். மாணவர்களே, அக்கணக்கை எடுக்கும் பணிக்குக் கல்வியும் பொறுமையும் வேண்டும். நாளை அது உங்களை நாடி வரக்கூடும்.