கணினியில் உரிமையும் அனுமதியும்

கணினி பயிலும் மாணவர் பலர் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. என்.பி.எம். என்னும் பொதி முகாமை மென்பொருள் நேற்றுவரை செவ்வனே இயங்கியிருக்கும். இன்று அதனைப் புதிய பதிப்புக்கு உயர்த்த முற்பட்டதும், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி திரையிலே தோன்றும். இயங்க இடந்தந்த கணினி புதுப்பிக்க இடந்தர மறுப்பது ஏன்?

பிற மென்பொருட் பொதிகளை இணையத்தினின்று பெற்று, அவற்றுக்கு வேண்டிய துணைப் பொதிகளோடு உரிய இடத்தில் நிறுவுவதே பொதி முகாமையின் தொழில். 2010 இல் தோன்றிய என்.பி.எம். அவ்வகையினது. தன்னைப் புதுப்பிக்கும்போதும் அது பழைய கோப்புகளை நீக்கிப் புதியவற்றை எழுதவேண்டும். இடர் விளைவது இங்கேதான்.

1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடக்கிய யூனிக்ஸ், ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து கையாளும் முறைமையாக வளர்ந்தது. அதன் நெறியைத் தழுவிய லினக்ஸிலும் ஒவ்வொரு கோப்புறைக்கும் உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர்க்குத் தனித்தனி அனுமதி உண்டு. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பது கணக்கு. 755 எனின், உடையவர்க்கு மூன்றும் உண்டு. மற்றையோர்க்கு 4 உம் 1 உம் சேர்ந்த 5 மட்டுமே. எழுதும் உரிமையாகிய 2 அவர்க்கில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியிற் குடியிருப்போர் பொதுத் தாங்கியின் நீரை யாவரும் பெறலாம். தாங்கியை மாற்றுதல் எவரும் தாமாகச் செய்யத்தக்கதன்று. அது போன்றதே இதுவும்.

இதனை உணராதார் 'சூடோ' என்னும் கட்டளையால் முழு அதிகாரம் பெற்று மறுப்பைக் கடக்க முயல்வர். அல்லது அனுமதியை 777 ஆக்கி எல்லோர்க்கும் கதவைத் திறந்துவிடுவர். இரண்டும் தீங்கானவை. 2018 பெப்ரவரியில் வெளிவந்த என்.பி.எம். 5.7.0 பதிப்பில் ஒரு வழு இருந்தது. அதனைச் சூடோவுடன் இயக்கியோரின் கணினிகளில், முறைமைக்குரிய கோப்புகளின் உடைமையே மாறிப்போயிற்று. 5.7.1 பதிப்பு அவ்வழுவைத் திருத்தியது. எனினும், முழு அதிகாரம் பெற்ற மென்பொருளின் சிறு பிழையும் கணினி முழுவதையும் குலைக்கவல்லது என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலில் பிழைச் செய்தியை முழுவதும் வாசித்து, எந்தக் கோப்புறையில் மறுப்பு நேர்ந்தது என அறிக. அடுத்து, அது யாருடைய உடைமை என்பதை 'எல்.எஸ்.' கட்டளையின் விரிவான பட்டியலிற் காண்க. முறைமைக்குரியதாயின், அதனை நிறுவிய முறைமைப் பொதி முகாமையைக் கொண்டே நிருவாகி புதுப்பித்தல் முறை. அவ்வதிகாரம் இல்லாத மாணவர், தம் இல்லக் கோப்புறையுள் ஒரு கோப்புறை அமைத்து, பொதிகளை நிறுவும் இடமாக அதனை என்.பி.எம். அமைப்பிற் குறித்து, அதன் நிரற்கோப்புகள் இருக்கும் இடத்தைப் 'பாத்' மாறியிலும் சேர்த்தல் வேண்டும். மறுப்பு நேர்ந்தது இல்லக் கோப்புறையினுள்ளேயாயின், முன்பு சூடோவுடன் இயக்கியமையால் உடைமை மாறியிருத்தல் கூடும். அப்போது அக்கோப்புறையின் உடைமையை மட்டும் மீளத் தம் பெயருக்கு மாற்றுக. பைத்தனின் 'பிப்' மென்பொருளுக்கோ, செயற்றிட்டந்தோறும் தனித்த மெய்நிகர்ச் சூழல் அமைத்தலே ஏற்றது.

பலர் பகிரும் கணினிக்கூடத்தில் ஒருவர் அவசரத்தில் மாற்றும் கோப்பு, மறுநாள் வரும் மாணாக்கர் அனைவரின் வேலையையும் நிறுத்திவிடக்கூடும். ஆதலின், மறுப்புச் செய்தியைக் கண்டவுடன் அதனை மீறும் வழி தேடாது, 'இவ்விடம் யாருடையது?' என வினவுதலே மாணவர் கைக்கொள்ளவேண்டிய முதற்பாடம்.