வில்லின் முதுகுக்கு ஏற்ற தசைநாண்

சவ்வாது மலையின் ஓரத்தில் உள்ள ஆலங்காயத்திலிருந்து தெற்கே செங்கம் வரை பரந்த நிலம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனை இடக்கையில் வில்லோடும் வலக்கையில் வாளோடும் நிறுத்திக் காட்டும் இக்கற்களில் பல, பல்லவர் காலத்து வட்டெழுத்தைத் தாங்கியவை; அவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாகத் தொகுத்தது. அந்த வில்லின் முதுகில் விலங்கின் தசைநாண் ஒட்டப்பட்டிருந்ததா என்பதைச் சிற்பம் சொல்வதில்லை எனினும், அத்தகைய வில்லுக்கு இம்மலை நாட்டில் தேவை இருந்திருக்குமா என்பதை வில்லின் இயக்கத்தைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம்.

வில்லை வளைக்கும்போது எய்பவனை நோக்கிய பக்கமாகிய வயிறு நெருக்குண்கிறது. இலக்கை நோக்கிய பக்கமாகிய முதுகு இழுபடுகிறது. மரம் தன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே விரிசல் காணத் தொடங்கும். தசையை எலும்போடு பிணைப்பதும் இறைச்சிக் கடையில் நரம்பு என்றே பொதுவாக அழைக்கப்படுவதுமாகிய தசைநாணோ எட்டுப் பங்கு வரையிலும் அறாமல் நீளக்கூடியது. ஆகவே முதுகில் அதை ஒட்டினால் குட்டையான வில்லையும் துணிந்து வளைக்கலாம் என்பதால், குதிரை மேலிருந்து எய்த மத்திய ஆசியரும் அவர்கள் வழிவந்த முகலாயரும் அதைக் கைக்கொண்டனர். ஆள் உயரமுள்ள நெடிய வில்லில் வளைவு நீளம் முழுவதும் பரவிவிடுவதால் இந்தக் காப்பு அவ்வளவாகத் தேவைப்படாது. மரத்தை விடக் கனமான தசைநாண் வில்லின் நுனிகளைச் சுமையாக்கி அம்பின் விரைவைக் குறைப்பதும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றை வில்லுக்குரிய பொருள்களாகக் கூறி, விலங்கின் நரம்பை வில்நாணுக்குரிய பொருள்களோடு சேர்ப்பது இங்கே எண்ணத்தக்கது.

ஆயினும் இன்று அத்தகைய வில்லைச் செய்ய விரும்புபவர் தசைநாணைத் தேரும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். முதுகெலும்பை ஒட்டி நாடாப் போல ஓடும் தட்டையான தசைநாண் நீளமானது. உலர்ந்ததும் விரலாலேயே இழை இழையாகப் பிரிந்துவிடும். பின்னங்காலின் குதிப்பகுதியில் உள்ளது குட்டையானது, உருண்டது, வலியது. நிழலில் உலர்த்தினால் கொம்பு போல மஞ்சளாய், ஒளி ஊடுருவும் தன்மையோடு இறுகும். அதை மரச்சுத்தியாலோ வழவழப்பான கல்லாலோ மெல்லத் தட்ட, நிறம் வெளுத்து இழைகள் பிளவுபடுகின்றன. இரும்பின் மேல் வைத்து இரும்பால் அடித்தால் இழை நசுங்கி அறும். கொழுப்பு ஒட்டியிருந்தால் பசை பிடிக்காது என்பதால் அதைச் சுரண்டி நீக்கிய பிறகே உலர்த்த வேண்டும்.

எந்த விலங்கு என்பது அடுத்த கேள்வி. கலிபோர்னியாவின் யாகி இனத்தவரான இசி, 1911க்குப் பின் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில் செய்து காட்டியபோது, மானின் தசைநாணை மென்று பதப்படுத்தி, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டினார். சவ்வாது மலையில் அந்த வழிக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். எஞ்சுபவை எருமையும் ஆடும். எருமையின் இழை முரடானதாயினும் நீளத்திலும் அளவிலும் ஆட்டினதை விட மேலானது. வாணியம்பாடியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அருகிலேயே இருந்தாலும், அங்கு வரும் தோல்களில் ஏறிய உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், இறைச்சிக் கடையில் புதிதாக வாங்குவதே நல்லது.

இழைகளை ஒட்டுவதற்கு வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் தச்சர் பசை, பொருத்தமானது. இழையும் பசையும் ஒரே புரதத்தால் ஆனவை ஆகையால் இரண்டும் ஒன்றாகவே சுருங்குகின்றன. காயும்போது அவை வில்லை எதிர்ப்பக்கமாக இழுத்து வளைப்பதும் அதனால்தான். பசை கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் இழை சுருண்டு வலிமை இழக்கும். சுவரில் செங்கல் அடுக்குவது போல ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் நடுவில் விழுமாறு இழைகளைப் பதித்து, வாரக்கணக்கில், இயன்றால் மாதக்கணக்கில் உலர விட வேண்டும்.

இதன் பெரும்பகை ஈரம். முகலாயர் தம் வில்களின் மேல் மரப்பட்டையோ தோலோ போர்த்தி அரக்கு பூசியும், ஈரக் காற்று பசையைத் தளர்த்தியது. ஈரத்தால் கெடாத எஃகு வில்கள் இந்தியாவில் செய்யப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். இரு பருவமழையும் பெறும் சவ்வாது மலையில் ஐப்பசி கார்த்திகையில் அத்தகைய வில் சோர்ந்துவிடும். மூங்கிலுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் வலிய இழைகள் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்திருப்பதால், தோலைச் சீவாமல் முதுகாக விட்டுவிட்டால் தசைநாண் செய்யும் வேலையில் பெரும்பகுதியை மூங்கிலே செய்துவிடும். அவ்வாறான வில்லை வைத்திருப்பவருக்கு ஆட்டின் குட்டையான தசைநாணே போதுமானது: அதை எச்சிலில் நனைத்து அம்பின் அலகைத் தண்டோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினால், காய்ந்ததும் முடிச்சின்றியே இறுகிக்கொள்ளும்.