பின் சக்கரம் ஆடுகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

தோட்டப்புறத்தில் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், சம்பள நாளுக்கு மறுநாள் பட்டணத்திலிருந்து வீட்டுச் சாமான்களை ஏற்றி வருவதும் அதுவே. இவ்வாறு உழைக்கும் கார்களுள் ஆண்டு பல கண்டவையும் உள. 1970-ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கிய டட்சன் 120 ஒய், 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவற்றை இன்றும் ஆங்காங்கே நாம் காண்கிறோம்.

வாடகை வண்டிகளும் பேருந்துகளும் லாரிகளும் குறித்த காலத்திற்கு ஒரு முறை அரசாங்க விதிப்படி பரிசோதனைக்குச் செல்கின்றன. சொந்த உபயோகத்திற்கான காருக்கு அத்தகைய ஆண்டுப் பரிசோதனை இல்லை. ஆகவே, பழைய காரை வைத்திருப்பவரே அதன் பரிசோதகராகவும் இருத்தல் வேண்டும்.

முன் சக்கரத்தில் கோளாறு ஏற்பட்டால் ஸ்டியரிங் வழியாக ஓட்டுநரின் கைக்கு அது பெரும்பாலும் தெரிந்துவிடும். பின் சக்கரமோ அவ்வாறு கைக்கு அறிவிப்பதில்லை. ஆட்டம் சிறுகச் சிறுக வளர்ந்து, தாங்கும் உறுப்பு உடைந்து, சக்கரமே கழன்று போகும் அளவுக்கு முற்றிவிடலாம். அதற்கு முன்னரே அதைக் கண்டறிவது எவ்வாறு என்பதை ஈண்டு காண்போம்.

மூன்று காரணங்கள்

பின் சக்கரம் ஆடுகிறது என்றவுடனே, ‘பேரிங் போய்விட்டது' என்று பலர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். புதிய பேரிங்கை வாங்கிப் போட்ட பின்னரும் ஆட்டம் அப்படியே இருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். உண்மையில் காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டுகளின் தளர்ச்சி. இரண்டாவது, சக்கரம் சுழல்வதற்கு ஆதாரமாய் உள்ள பேரிங்கின் தேய்மானம். மூன்றாவது, அச்சையும் காரின் உடலையும் இணைக்கும் கைகளிலும் வில்களிலும் உள்ள ரப்பர் புஷ்களின் தேய்மானம். இம்மூன்றும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒன்று போலவே தோன்றும். ஆயினும், செலவும் ஆபத்தும் வேறு வேறு. எது ஆடுகிறது என்பதை உறுதி செய்யும் முன்னர் எந்த உறுப்பையும் வாங்குதல் கூடாது.

ஓடும்போது தெரியும் அறிகுறிகள்

தேய்ந்த பேரிங் பெரும்பாலும் ‘ஊம்' என்ற முனகலோடு தொடங்கும். வேகம் கூடக் கூட ஒலியும் கூடும். கியரை விடுவித்துக் காரை உருளவிட்டாலும் அவ்வொலி நிற்காது. டயரின் ஒலியும் இவ்வாறே இருக்கலாம். ஆனால் தார்ச் சாலையிலிருந்து செம்மண் சாலைக்கு மாறும்போது டயரின் ஒலி மாறிவிடும். பேரிங்கின் முனகல் அவ்வளவாக மாறாது.

வளைவிலும் கவனித்தல் வேண்டும். கார் வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மீது சாயும். அப்பொழுது ஒலி பெருகினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இடப்பக்கம் திரும்பும்போது பெருகினால் வலப்பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

இதற்கு மாறாக, மேடு பள்ளத்தில் ‘டொக், டொக்' என்று அடிப்பதும், காரின் பின்புறம் ஒரு பக்கமாக இழுபடுவது போன்ற உணர்வும் புஷ் தேய்மானத்தின் அறிகுறிகளாகலாம். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பது இரண்டிற்கும் பொது.

காரைத் தூக்கும் முன்

சோதனையை விட உயிர் பெரிது. கார் நிற்கும் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி புதைந்து சரியும். முன் சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் கட்டைகளை அணை கொடுத்து, கைப் பிரேக்கை இழுத்த பின்னரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் இரும்புத் தாங்கு காலைத் தக்க இடத்தில் வைத்துக் காரை அதன்மீது இறக்குக. சிமெண்டுக் கற்களையோ செங்கற்களையோ அடுக்குதல் கூடாது. அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும். காரின் அடியில் எவரும் படுத்தல் ஆகாது. சிறுவர்களை அருகில் விடுதலும் ஆகாது.

டட்சன் 120 ஒய் போன்ற பின் சக்கர இயக்கக் கார் வைத்திருப்போர் ஒன்றைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். அவற்றில் ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், கியரில் போட்டிருப்பது காரைப் பிடித்து நிறுத்தாது. எழும்பிய சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழல, தரையில் உள்ள சக்கரம் உருண்டுவிடும். ஆகவே, முன் சக்கரங்களுக்கு அணை கொடுப்பதை ஒருபோதும் மறத்தலாகாது.

கையால் செய்யும் சோதனை

முதலில் சக்கர நட்டுகளை ஸ்பேனர் கொண்டு முடுக்கிப் பாருங்கள். இதனைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்தல் நலம். நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் வழிந்திருந்தாலோ, சக்கரத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, சக்கரம் நெடுநாள் தளர்ந்து ஓடியிருக்கிறது என்பது பொருள். துளை தேய்ந்த சக்கரத்தை முடுக்கினால் மட்டும் போதாது. அதை மாற்றியே தீர வேண்டும்.

நட்டுகள் உறுதியாக இருப்பின், காரைத் தாங்கு காலில் இறக்கிக் கியரையும் கைப் பிரேக்கையும் விடுவித்து, சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். பின்னர், இடமும் வலமுமாகக் கைகளை வைத்து அவ்வாறே செய்யுங்கள். ஆட்டம் எவ்வளவு என்பதை மற்றப் பக்கத்துச் சக்கரத்தோடும் ஒப்பிடுக.

ஆட்டம் தெரிந்தால் அடுத்த சோதனையே தீர்ப்புக் கூறும். ஒருவர் காருக்கு வெளியே கதவருகில் நின்று கைப் பிரேக்கை நன்றாக இழுக்கட்டும். அப்பொழுது பிரேக் டிரம் அதன் பின்னுள்ள தகட்டோடு இறுகப் பிணைக்கப்படுகிறது. மற்றவர் சக்கரத்தை மீண்டும் ஆட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் மறைந்தாலோ பெரிதும் குறைந்தாலோ கோளாறு பேரிங்கில் உள்ளது. முன்பு இருந்த அளவிலேயே ஆடினால் கோளாறு பேரிங்கிற்கு அப்பால், புஷ்களிலோ வில் கட்டுகளிலோ உள்ளது. ஒரு காசும் செலவில்லாத இச்சோதனை, தேவையற்ற உறுப்புக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தும்.

இதனை உறுதி செய்ய, ஒருவர் ஆட்டும்போது மற்றவர் பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து டிரம்மிற்கும் பின் தகட்டிற்கும் இடையிலுள்ள சந்தைப் பார்க்கலாம். சந்து விரிந்து சுருங்கினால் பேரிங். டிரம்மும் தகடும் சேர்ந்தே அசைந்தால் புஷ்.

இறுதியாக, கைப் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, மற்றொரு கையைச் சுருள்வில்லின்மீது வையுங்கள். பட்டை வில் உள்ள காராயின் அதன்மீது வையுங்கள். கரகரப்பு கையில் தெரிந்தால் பேரிங்கின் உருளைகளோ அவை ஓடும் பாதையோ பழுதுபட்டுள்ளன என்று கொள்ளலாம்.

எவ்வளவு ஆட்டம் மிகுதி?

சிறிதும் ஆட்டமே இருத்தல் கூடாது என்று எண்ணுவதும் தவறு. பழைய முன் சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில், பின் சக்கரத்திற்குக் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குகள் இரண்டு உண்டு. ஒரு நட்டை முடுக்கியும் தளர்த்தியும் அவற்றைச் சரி செய்வர். இத்தகைய பேரிங்கில் கைக்கு மட்டுமே தெரியும் மிகச் சிறிய அசைவு பெரும்பாலும் குற்றமன்று.

மேலும், உள்ளே உள்ள ஆட்டம் டயரின் விளிம்பில் பெருகித் தெரியும். இரு பேரிங்குகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர் இடைவெளி எனவும், டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர் எனவும் கொள்வோம். உள்ளே 0.1 மில்லிமீட்டர் சாய்வு ஏற்பட்டால், விளிம்பில் அது ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் அசைவாகும். ஆகவே, விளிம்பில் ஆட்டம் கண்ணுக்கே நன்கு தெரிந்தால், அது கவனிக்க வேண்டிய அளவு என்று கொள்க.

ஆட்டத்தை நீக்குவதாக எண்ணி நட்டை இறுக முடுக்கிவிடுவது பெருந்தீங்கு. பேரிங் சூடேறி, கிரீஸ் உருகி ஓடி, உருளைகள் கருகிவிடும். பால் வெட்டும் உளியின் கதையும் இதுவேயன்றோ? மேலோடு நின்றால் பால் வராது. ஆழப் பாய்ந்தால் மரத்தின் சதை காயப்படும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, உருளைகளை இடத்தில் அமரச் செய்து, பின்னர் தளர்த்தி, அந்தக் காருக்குரிய கையேட்டில் கண்ட அளவுக்கு அமைத்தல் வேண்டும். நட்டைக் காக்கும் காட்டர் பின்னைப் புதிதாகவே போட வேண்டும்; வளைத்து நிமிர்த்திய பழையது ஓட்டத்தில் ஒடியலாம்.

பின் சக்கர இயக்கக் கார்களின் முறை வேறு. அவற்றுள் பலவற்றில் பேரிங் ஆக்சில் தண்டின்மீது அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதனை முடுக்கிச் சரி செய்ய இயலாது. தேய்ந்தால் மாற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் தகாது. அழுத்தும் பொறியுள்ள பட்டறையை நாடுக. அத்தகைய காரில் டிரம்மினுள் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சீலும் பழுது என்பதோடு, பிரேக்கும் பிடிக்காது என்பதை உணர்தல் வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

‘பின்னால் சத்தம் வருகிறது, பாருங்கள்' என்று மட்டும் கூறிக் காரை விட்டு வருதல் கூடாது. எந்தப் பக்கச் சக்கரம், கைப் பிரேக்கை இழுத்தபோது ஆட்டம் மறைந்ததா இல்லையா என்பவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூம்பு உருளை பேரிங்கின் உட்பகுதியும் வெளி வளையமும் ஒன்றோடொன்று இணைந்து தேய்பவை. புதிய உட்பகுதியைப் பழைய வளையத்தில் போட இசையாதீர்கள். பேரிங்கோடு சீலையும் மாற்றுவதே சிக்கனம்.

டிரம்மினுள் உள்ள தூசியைக் காற்றால் ஊதுதல் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தலே நன்று.

முன்கூட்டியே காப்போம்

தோட்டத்துச் சாலையும் வெள்ளமும் பேரிங்கின் பகைவர்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரம் வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். தேய்ந்த சீலின் வழியே நீரும் சேறும் உள்ளே இழுக்கப்படும். கிரீஸ் கெட, துரு பற்றும். ஆகவே, வெள்ளத்தில் ஓடிய காரை அந்த மாதமே சோதித்தல் வேண்டும். அளவுக்கு மேல் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றுவதும் இத்தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

பயணம் முடிந்தபின் இரு பின் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டு சென்று, தொடாமல் வெப்பத்தை ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் பேரிங்கோ பிடித்துக்கொண்ட பிரேக்கோ காரணமாகலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது தடையின்றிச் சுழலாவிடில் பிரேக்கை முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்து, உலோகம் அரைபடும் ஒலியும் கேட்டால், ‘பட்டணம் வரை ஒரு நடை போய் வரலாம்' என்ற எண்ணத்திற்கு இடமே கொடுத்தலாகாது. அன்று பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலோ அண்டை வீட்டாரின் காரிலோ செல்லட்டும். பழுது நீங்கும் வரை அந்தக் கார் லயத்து வாசலிலேயே நிற்கட்டும்.

மாதம் ஒரு முறை, ஓய்வு நாளில், கால் மணி நேரம் இதற்கென ஒதுக்குவோம். உழைத்துச் சேர்த்த பணமும், காரில் நம்மை நம்பி அமரும் உயிர்களும் அதனால் காக்கப்படும்.