ஏரியும் ஊரும் – 9: குஞ்சு காக்கும் விரால்

சாத்தனூர் அணையில் பரிசலும் செவுள் வலையுமாக மீன் பிடிப்பவர்களோடு போன வாரம் இருந்தோம். 1958-ல் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த அந்த அணையில் விளையும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைப் பக்கத்து இனங்கள். குஞ்சு விட்டு வளர்த்து, பருவம் பார்த்து அறுவடை செய்கிற மீன்கள் அவை. இந்த வாரம், யாரும் விடாமலே நம் ஏரிகளில் பிறந்து வளரும் வேட்டைக்கார மீனிடம் வருவோம். விரால்.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோபுரமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். மாவட்டமோ ஏரிகளால் ஆனது. நகரை ஒட்டியே வேங்கிக்கால் ஏரி, சமுத்திரம் ஏரி. கிராமப் பக்கம் போனால் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். பெரும்பாலானவை மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். சித்திரை வெயிலில் பல ஏரிகளின் தரை வெடித்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீருக்கென்றே அமைந்த உடம்பு விராலுக்கு. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு உண்டு. தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். மழை இரவில் ஈரத்தரை மேலேயே நெளிந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். சந்தையில் மற்ற மீன்கள் ஐஸில் கிடக்க, விரால் மட்டும் அன்னக்கூடையில் உயிரோடு துள்ளுவதற்கும் இந்த உறுப்புதான் காரணம்.

இதே உறுப்புதான் அதைத் தூண்டில்காரனிடம் காட்டியும் கொடுக்கிறது. மூச்செடுக்க அது மேலே வந்தே ஆக வேண்டும். கோரைப் புதரின் ஓரத்தில், ஆம்பல் இலைகளின் இடைவெளியில், ஒரு சின்னச் சத்தமும் சுழிப்பும் தெரிந்தால் அங்கே விரால் பதுங்கியிருக்கிறது. துரத்தி ஓடி வேட்டையாடும் குணம் அதற்கில்லை. அசையாமல் கிடந்து, தவளையோ கெண்டைக்குஞ்சோ எட்டும் தூரத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். அதனால் இரையைக் கொண்டுபோய்ப் புதர் ஓரத்தில், அதன் முகத்துக்கு நேரே வைக்கத் தெரிந்தவருக்குத்தான் மீன் கிடைக்கும். விடியற்காலையும் மாலை மங்கும் நேரமும் நல்ல வேளை.

மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள்: பழைய தூண்டிலுக்கு இவ்வளவே போதும். இளைஞர்கள் இன்று ஸ்பின்னிங் ராடும் ரப்பர் தவளையுமாக வருகிறார்கள். ரப்பர் தவளையின் முள் உடம்போடு ஒட்டி மறைந்திருப்பதால் பாசியில் சிக்காது. உயிருள்ள தவளை ஒன்று சாக வேண்டியதுமில்லை. எந்தத் தூண்டிலானாலும் பாடம் ஒன்றே. இழுவை தெரிந்த நொடியில் சுண்டக் கூடாது. விரால் இரையை முதலில் கவ்விக்கொள்ளும், பிறகுதான் விழுங்கும். அந்தச் சில நொடிகள் கையை அடக்கியவருக்கே மீன்.

கையை அடக்க வேண்டிய இன்னொரு வேளையும் உண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கரையோரப் பாசியை விலக்கி இடம் செய்கின்றன. முட்டைகள் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீந்தி, மூச்செடுக்க மேலே வரும்போது தண்ணீரே கொதிப்பதுபோல் தெரியும். அதன் அடியில் தாயும் தகப்பனும் வாரக்கணக்கில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தூண்டிலைப் போட்டால் தப்பாமல் கவ்வும். பசியால் கவ்வுவதில்லை; குஞ்சுக்கு ஆபத்து என்று பாய்கிறது. காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளை மேய்ந்துவிடும். ஒரு மீன் பிடித்த கணக்கில் ஒரு தலைமுறையே போய்விடும். இதைத் திறமை என்று நான் ஒப்பமாட்டேன்.

வேட்டை மீனின் மதிப்பு, அது எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்கா, ஐரோப்பாவின் ஏரிகளில் நார்தர்ன் பைக் என்ற மீன் உண்டு. அதுவும் விராலைப்போலப் பாசிக்குள் பதுங்கிப் பாய்வது. அங்கே தூண்டில்காரர்களின் பெருமை. அதே மீன் தனக்குச் சொந்தமில்லாத கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் 1994-ல் தென்பட்டது. அங்குள்ள ட்ரவுட் மீன்களைத் தின்று தீர்த்துவிடும், ஆற்றில் இறங்கினால் சால்மனுக்கும் கேடு என்று அஞ்சி, 1997-ல் ஏரிக்கே மருந்து கலந்தார்கள். 1999-ல் பைக் மறுபடி தலைகாட்டியது. 2007-ல் மறுபடி மருந்து. விரால் இனத்துக்கும் அங்கே இதே கதைதான். மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளத்தில், சந்தையில் உயிரோடு வாங்கிய சீன விரால் இனத்தை ஒருவர் விட்டுவிட, 2002-ல் அந்தக் குளத்துக்கும் மருந்துதான் கலந்தார்கள். இரண்டே ஆண்டில் அதே இனம் பொட்டோமாக் ஆற்றில் கிடைத்தது.

அங்கே அந்நியன், இங்கே நம் ஏரியின் காவலன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் வருடத்தில் பலமுறை குஞ்சு பொரித்து ஏரியை நிறைத்துவிடுகிறது. அதன் குஞ்சுகளைத் தின்று குறைக்கும் உள்ளூர் மீன்களில் விரால் முக்கியமானது. தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வெள்ளத்தில் ஏரிக்குள் புகுந்தால், விரால் குஞ்சுக்கும் அதுவே எமன். தெலங்கானா விராலைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. நாமோ மீன்பாசி ஏலம் எடுத்தவர் கடைசிச் சேறு வரை வாரிக்கொண்டு போவதைக் கரையில் நின்று பார்க்கிறோம்.

ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்கு அது வருமானம். ஏலம் விடும்போதே இரண்டு நிபந்தனை சேர்த்தால் போதும். வற்றும் ஏரியில் ஆழமான மடு ஒன்றை வலை படாமல் விட வேண்டும். குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் அந்தப் பருவம் முடியும்வரை வலையோ தூண்டிலோ கூடாது. கிராமசபையில் கை உயர்த்திக் கேட்டாலே இது நடக்கும். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் ஊரில் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: மதகும் மடையும்)