பேர் சேரும் வழி

குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் வந்து திருச்சி பஸ் ஏறினால், நகரம் எட்டுவதற்கு முன்பே இரண்டு பெரிய வளாகங்கள் வந்துவிடும். ஒன்று பாரதிதாசன் பல்கலைக்கழகம், 1982இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. மற்றது சூரியூரில் இருக்கும் ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம், 2011இல் வந்தது. வயதில் 29 ஆண்டு சின்னது. ஆனால் சம்பந்தம் பேசும் வீட்டில் பையன் ஐ.ஐ.எம்.மில் படித்தவன் என்று சொல்லிவிட்டால், படிப்பைப் பற்றி அதற்குமேல் ஒரு கேள்வியும் வராது.

முதல் வகுப்பு நடந்தபோது அந்த நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. துவாக்குடி என்.ஐ.டி. வளாகத்தில்தான் பாடம். அங்கே படித்து முடித்துப் போனவர் என்று அன்றைக்கு ஒருவரும் இல்லை. பிறகு அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய மூத்த ஐ.ஐ.எம்.கள் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்தது அது. பெயர்ப்பலகையோடு சேர்ந்து சூரியூருக்கும் வந்துவிட்டது.

பேரோடு ஒரு வடிகட்டியும் வந்தது. 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதும் லட்சக்கணக்கானவர்களில் சிலருக்குத்தான் ஐ.ஐ.எம்.களில் இடம். வேலை கொடுக்கிறவருக்கு ஒருவருடைய திறமையை நேரில் அளந்து பார்க்க வழியில்லை. பட்டத்தைப் பார்த்து ஊகிக்கிறார். மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973இல் இதைக் கணக்கு வடிவில் காட்டினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. கல்லூரி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பட்டம் வாங்குவது திறமையுள்ளவரைவிட மற்றவருக்குக் கடினமாக இருந்தால் போதும், பட்டத்துக்கு மதிப்பு வந்துவிடும்.

வந்த மதிப்பு எப்படி வளர்கிறது என்பதைப் பழைய கோயில்களைப் பார்த்தால் புரியும். குன்றாண்டார்கோவிலில் எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு சின்னக் கருவறை எடுத்தார்கள். பல்லவர் காலக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து, அதே கருவறைக்கு முன்னால் கல்சக்கரமும் குதிரைகளுமாகத் தேர் வடிவில் நூற்றுக்கால் மண்டபம் எழுந்தது. கொடை இருந்த இடத்துக்கே மேலும் கொடை வந்தது. பல்கலைக்கழகமும் அப்படித்தான்: நல்ல மாணவர் வந்தால் நல்ல ஆசிரியர் வருவார், அவருக்காக ஆய்வுப்பணம் வரும், பணத்தைப் பார்த்து இன்னும் நல்ல மாணவர் வருவார். அறிவியல் உலகில் ஏற்கெனவே புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேர்வதை ராபர்ட் மெர்ட்டன் 1968இல் 'மத்தேயு விளைவு' என்று எழுதினார்.

இந்தச் சுழற்சி எவ்வளவு இறுகியது என்பதை 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. ஆரன் கிளாசெட்டும் வேறு இருவரும் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினியியல், வணிகம், வரலாறு ஆகிய துறைகளில் ஏறக்குறைய 19,000 ஆசிரியர்களை எடுத்துக்கொண்டார்கள். பார்த்தது இரண்டே விஷயம்: எங்கே முனைவர் பட்டம் வாங்கினார், எங்கே வேலை பார்க்கிறார். பட்டம் தந்த இடத்திலிருந்து வேலை தந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி. அவ்வளவையும் போட்டதும், எந்தப் பத்திரிகையின் தரவரிசையும் இல்லாமலே ஓர் ஏணி தானாகத் தெரிந்தது. அம்புகளில் பெரும்பாலானவை கீழ்நோக்கியே போயின. கால்வாசி நிறுவனங்கள் மட்டுமே துறைக்குத் துறை 71 முதல் 86 சதவீத ஆசிரியர்களைத் தயாரித்து அனுப்பியிருந்தன. நம் நாட்டில் 2016 முதல் வெளியாகும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலிலும், பிறர் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கென்றே மதிப்பெண் உண்டு. பேர் இடத்தைத் தருகிறது. இடம் மறுபடி பேரைத் தருகிறது.

இந்தப் பேர் படிக்கிற பிள்ளைக்கு என்ன செய்கிறது? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் இதை அமெரிக்காவில் சோதித்தார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களின் பிற்காலச் சம்பளம் சராசரியில் குறையவில்லை. திறமை பிள்ளையிடம் இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையாகவே கூடுதல் பலன் தந்தது. நம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய முடிவு இது என்று நினைக்கிறேன். அப்பா அம்மா காட்ட முடியாத வழியை அந்த இடம் காட்டுகிறது.

கதவைத் திறந்தும் பேர் வாங்கிய கல்லூரி புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டும் படித்த இடம். எதிர்ப்பு பலமாக இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். அந்தப் பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் மருத்துவரானார். சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். முத்துலட்சுமி ரெட்டி படித்த கல்லூரி என்று மன்னர் கல்லூரியை இன்றும் சொல்கிறோம்.